பாகு ஆறும்போது நடப்பது: படிகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கல்கண்டு வளர்க்கும் வேலை கொடுப்பேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளை நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிக்குப் பாறை பார்க்க அழைத்துப் போவேன். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கேள்விகள்தான் வருகின்றன. டம்ளருக்குள் நடப்பதும் அந்தப் பாறைக்குள் நடந்ததும் ஒரே வேலை என்பதால் அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

படிகம்னா என்ன டீச்சர்? பளபளன்னு இருந்தா படிகமா?

பளபளப்பை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு பொருளின் துகள்கள், அதாவது அணுக்களோ மூலக்கூறுகளோ, வரிசை தப்பாமல், ஒரே அடுக்கு திரும்பத் திரும்ப வரும்படி அமைந்திருந்தால் அது படிகம். கோலத்துக்குப் புள்ளி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இது தரையோடு நிற்காமல் மேலேயும் அடுக்கிக்கொண்டே போகும் புள்ளிக்கோலம். உப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கனசதுரங்கள் தெரியும். படிகாரம் நிதானமாக வளர்ந்தால் எட்டு முகம் கொண்டு நிற்கும். யாரும் செதுக்கவில்லை, உள்ளே இருக்கிற வரிசைதான் வெளியே முகமாகத் தெரிகிறது.

ஜன்னல் கண்ணாடி பளபளக்கும், ஆனால் படிகம் இல்லை. உருகிய குழம்பு வரிசையில் நிற்பதற்குள் கெட்டியாகிவிட்டது. கொழகொழப்பான எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறினாலும் இதே கதைதான். அப்சிடியன் என்ற அந்தக் கருங்கண்ணாடிக் கல்லின் உடைந்த ஓரம் கத்தி போல வெட்டும்.

பாகு ஆறினா சர்க்கரை ஏன் வெளியே வருது? கொதிக்கும்போது கரைஞ்சுதானே இருந்தது?

100 கிராம் தண்ணீர், சாதாரண வெப்பத்தில், அதாவது 20 டிகிரி செல்சியஸில், சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கொதிநிலையில் 480 கிராமுக்கு மேல் கரைக்கும். கொதிக்கக் கொதிக்கக் கரைத்துவிட்டு ஆறவைத்தால், இடையில் இருக்கிற 280 கிராமுக்குத் தண்ணீரில் இடம் இல்லை. அது வெளியே வந்தாக வேண்டும்.

ஆனால் உடனே வராது. இடம் இல்லாவிட்டாலும் நாள்கணக்கில் கரைந்தே கிடக்கும். இதைத்தான் பாடப்புத்தகம் அதிதெவிட்டிய கரைசல் என்கிறது. தெவிட்டுதல் என்ற சொல் இங்கே எவ்வளவு பொருத்தம் என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளிடம் சொல்லி மகிழ்வேன். வெளியே வருவதற்கு ஒரு தொடக்கம் வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தொடக்கம்தான் பாகுக்குள் நாம் தொங்கவிடும், சர்க்கரை ஒட்டிய பருத்தி நூல்.

அப்போ உப்பையும் இப்படியே ஆறவச்சு எடுத்துடலாமா?

முடியாது. உப்பு 20 டிகிரியில் 36 கிராம் கரையும், 100 டிகிரியில் 39 கிராம். ஆறவைத்தால் கிடைப்பது அந்த 3 கிராம்தான். அதனால்தான் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்தி கட்டி, வெயிலில் தண்ணீரை வற்றவைக்கிறார்கள். வெடியுப்பு இதற்கு நேர் எதிர்: 20 டிகிரியில் சுமார் 32 கிராம், 100 டிகிரியில் 240 கிராமுக்கு மேல். ஆறினாலே கொட்டும்.

உப்பளத்தில் கவனிக்க இன்னொன்று உண்டு. கடல்நீர் வற்றும்போது முதலில் ஜிப்சம் படியும், பிறகுதான் உப்பு. உப்பு விளைந்ததும் மீதிக் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். விட்டுவைத்தால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும். கலந்து கிடப்பவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வெளியே வரும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாறைக்குப் போகும்போது தேவைப்படும்.

மூணு வாரம் வச்சேன், நூல்ல ஒண்ணுமே இல்ல. அடியில மட்டும் கட்டி கட்டியா இருக்கு. என்ன தப்பு பண்ணினேன்?

நூல் வெறும் நூலாக இருந்திருக்கும். துகள்கள் தாமாக ஒன்றுகூடி முதல் படிகத்தை உண்டாக்குவது கடினம். கூடிய சிறு கூட்டம் பெரும்பாலும் உடனே கலைந்துவிடும். ஏற்கெனவே ஒரு வரிசை இருந்தால் அதன்மேல் வந்து உட்காருவது எளிது. உங்கள் டம்ளரில் அந்த வரிசை அடியில் இருந்திருக்கிறது: கரையாமல் தங்கிய இரண்டு சர்க்கரைத் துகள், கொஞ்சம் தூசி, பாத்திரத்தின் கீறல். சர்க்கரை எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று டம்ளர் சர்க்கரை, ஒரு துகள்கூடத் தெரியாதபடி காய்ச்சி, சூட்டோடு வடிகட்டுங்கள். பருத்தி நூலைப் பாகில் நனைத்து, சர்க்கரையில் புரட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரமாகத் தொங்கவிட்டால் ஒட்டிய துகள் உதிர்ந்து அடியில் விழுந்து, பழைய கதையே நடக்கும். பாகு வெதுவெதுப்புக்கு வந்த பிறகு நூலை இறக்குங்கள். கொதிக்கும் பாகில் இறக்கினால் விதைத் துகள் கரைந்துபோகும். மெல்லிய துணியால் மூடி, ஆட்டாமல் அசைக்காமல் வையுங்கள். எடுத்து எடுத்துப் பார்க்கும் பிள்ளைகளுக்குத்தான் நூல் வெறுமையாக வருகிறது. ஆவல் புரிகிறது, ஆனாலும் கண்ணாடி டம்ளரில் வைத்து வெளியிலிருந்து பாருங்கள்.

கல்கண்டு பெருசா வர்றதுக்கு என்ன ரகசியம்?

பொறுமைதான். விரைவாக ஆறினால் ஒரே நேரத்தில் ஆயிரம் இடத்தில் படிகம் தொடங்கும். இருக்கும் சர்க்கரையை எல்லாம் பங்குபோட்டுக்கொண்டு எதுவும் பெரிதாகாது. மெல்ல ஆறினால் சில இடங்களில் மட்டும் தொடங்கி, வந்ததெல்லாம் அங்கேயே சேரும்.

இதற்குப் பனையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பதநீரைக் கெட்டிப் பதம்வரை காய்ச்சி, கிளறி, சிரட்டையில் ஊற்றினால் அன்றைக்கே கருப்பட்டி. கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் மற்ற எல்லாவற்றோடும் பிசைந்து உறைந்தது அது; அதனால்தான் நிறமும் மணமும் அப்படியே அதில் இருக்கின்றன. அதே பதநீரைச் சற்று முன்னதாகப் பாகுப் பதத்தில் இறக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் ஒரு மண்டலம்போல மூடி வைத்தால் பனங்கற்கண்டு. திறந்து, மிச்சப் பாகை வடித்தால் நூலில் கட்டி கட்டியாக, பக்கம் பக்கமாக, விளிம்பு கூராக நிற்கும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வாங்கும்போது ஒரு பனங்கற்கண்டுத் துண்டையும் வாங்கி, இரண்டையும் உடைத்து, உடைந்த முகத்தை வெயிலில் வைத்துப் பாருங்கள். கருப்பட்டி மங்கலாக இருக்கும், கற்கண்டு முகம் முகமாக மின்னும்.

பொறுமையின் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் மெக்சிகோவின் நைக்கா சுரங்கம். அங்கே 2000ல் கண்டுபிடித்த குகையில் ஜிப்சம் படிகங்கள் 11 மீட்டர் நீளத்துக்கு மரம்போலச் சாய்ந்து கிடக்கின்றன. குகை நிறைய வெந்நீர், 58 டிகிரிக்குச் சற்றுக் கீழே, பல்லாயிரம் ஆண்டுகளாக ஏறக்குறைய மாறாமல் இருந்திருக்கிறது.

பதநீர்ல சுண்ணாம்பு எதுக்கு? குலாப் ஜாமூன் பாகுல எலுமிச்சை பிழியறதும் அதுக்குத்தானா?

நேர் எதிரான இரண்டு வேலைகள். சர்க்கரை மூலக்கூறு ஒவ்வொன்றும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோத்தது. புளிப்பு இருந்தால் அந்தக் கை விலகும். விலகியவை சர்க்கரையின் வரிசையில் உட்கார முடியாமல், உட்கார வருகிறவற்றுக்கும் இடைஞ்சலாக நிற்கும். குலாப் ஜாமூன் பாகு பூத்துப் போகக் கூடாது என்றுதான் எலுமிச்சை பிழிகிறோம்.

பதநீரில் நமக்குப் படிகம் வேண்டும். மரத்திலிருந்து சொட்டும்போதே அது புளிக்கத் தொடங்கும். புளித்தால் கள், சர்க்கரையும் உடைந்துபோகும். கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பு அந்தப் புளிப்பைத் தடுக்கிறது. சுண்ணாம்பு குறைந்த பதநீரில் கருப்பட்டி இளகிப் போகும், கற்கண்டு பிடிக்காது. வேதியியல் புத்தகம் பார்க்காமலே பனைத் தொழிலாளிகள் காலங்காலமாகக் கையாளும் அறிவு இது. வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் அமில காரப் பாடத்தை முடிப்பதில்லை.

தேன் அடியில சர்க்கரை மாதிரி கட்டியாயிடுச்சு. சர்க்கரை கலந்துட்டாங்களா?

அதை வைத்து முடிவுகட்டாதீர்கள். தேனில் இருப்பவை முக்கியமாக, முந்தைய பதிலில் சொன்ன குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். குளுக்கோஸ் தண்ணீரில் குறைவாகக் கரையும், அதனால் படிகமாகும். ஃபிரக்டோஸ் திரவமாகவே நிற்கும். எந்தப் பூவின் தேனில் குளுக்கோஸ் அதிகமோ அது சீக்கிரம் உறையும். குமரி மாவட்டத்து ரப்பர் தேன் அப்படி. உறைந்தது கலப்படத்துக்கு அத்தாட்சி இல்லை, உறையாதது சுத்தத்துக்கும் அத்தாட்சி இல்லை. பாட்டிலைக் கைபொறுக்கும் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும்.

நெய் மணல் மணலா உறையறதும் இதேதானா?

ஆமாம். நெய் பலவகைக் கொழுப்புகளின் கலவை. உருகுநிலை அதிகமானவை முதலில் மணியாகும், மற்றவை சுற்றிலும் எண்ணெயாக நிற்கும். உருக்கிய நெய்யை மூடி, மேடையிலேயே ஆறவிட்டால் மணல் மணலாக வரும். ஃபிரிட்ஜில் வைத்தால் வெண்ணெய்போலப் பாளமாகிவிடும். காரணம் கருப்பட்டி, கற்கண்டு பதிலிலேயே இருக்கிறது.

பழுப்புப் பாகுக்குள்ள இருந்து தெளிவான கட்டி எப்படி வருது? அழுக்கு எங்க போச்சு?

இத்தனை வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்டதில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அழுக்கு பாகிலேயே தங்கிவிட்டது. படிகத்தின் வரிசையில் அந்தந்த அளவும் வடிவமும் உள்ள துகளுக்கே இடம். வேறு துகள் வந்து ஒட்டினாலும் பொருந்தாமல் விலகிவிடும். அதனால் படிகம் வளர வளர அது சுத்தமாகிறது, சுற்றியுள்ள திரவம் அழுக்காகிறது. படிகம் உண்டாவதும் பிரிவதும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். மிஞ்சும் திரவத்துக்குத் தாய்க்கரைசல் என்று பெயர். துருவக் கடல் உறையும்போதும் பனிக்கட்டி உப்பைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். அடியில் இருக்கும் நீர் இன்னும் உப்பாகிக் கனத்து, கீழே இறங்கும்.

விரைவாக வளர்ந்தால் விலகுவதற்கு நேரம் கிடைக்காமல் தாய்க்கரைசலும் உள்ளே சிக்கிக்கொள்ளும். பனங்கற்கண்டு முழு வெள்ளையாக இல்லாமல் பொன்னிறமாக இருப்பது அப்படிச் சிக்கியதாலும் மேலே ஒட்டியதாலும்தான். போலந்து நாட்டவரான யான் சோக்ரால்ஸ்கி 1916ல் உருகிய உலோகத்திலிருந்து ஒற்றைப் படிகத்தை மெல்ல மேலே இழுக்கும் முறையைக் கண்டார். இன்று சிலிக்கானை அப்படித்தான் 30 சென்டிமீட்டர் குறுக்களவில் உருளையாக இழுக்கிறார்கள். உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லு அதிலிருந்து சீவியது.

உறையும்போது குளிரணும்தானே? ஒத்தடம் குடுக்கற பைக்குள்ள தகட்டைச் சொடுக்கினா உறைஞ்சு சுடுதே?

அலைந்த துகள் வரிசையில் உட்காரும்போது, அலைச்சலில் வைத்திருந்த ஆற்றலை வெளியே விடும். பெரும்பாலான படிகங்களுக்கு இது உண்டு. பாகில் மெல்ல நடப்பதால் தெரிவதில்லை. அந்தப் பையில் இருப்பது சோடியம் அசிடேட். 58 டிகிரியிலேயே உறைந்திருக்க வேண்டியது, தொடக்கம் கிடைக்காமல் திரவமாகக் காத்திருக்கிறது. தகடு சொடுக்கியதும் சில நொடியில் முழுவதும் உறைந்து, சூடும் மொத்தமாக வருகிறது.

இதுக்கும் சித்தம்பூண்டிப் பாறைக்கும் என்ன சம்பந்தம்?

பூமிக்கடியில் இருக்கும் பாறைக்குழம்பும் ஒரு பாகுதான். 1200 டிகிரியை ஒட்டிய சூட்டில் சிலிக்கா, இரும்பு, மெக்னீசியம், கால்சியம், அலுமினியம், சோடியம் எல்லாம் கலந்து கிடக்கிறது. ஆறும்போது, உப்பளத்தில் பார்த்தமாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகப் படிகமாகும். பசால்ட் என்ற கரும்பாறையாக உறையும் வகைக் குழம்பில் ஆலிவின் என்ற பச்சை நிறக் கனிமம் பெரும்பாலும் முதலில் வரும். அது மெக்னீசியத்தை எடுத்துக்கொண்டு கனத்தால் அடியில் மூழ்கிவிடுவதால் மிஞ்சும் குழம்பின் சேர்க்கையே மாறிவிடுகிறது. பிறகு பைராக்சீன், கால்சியம் மிகுந்த பெல்ஸ்பார் என்ற கனிமங்கள். இப்படி மாறி மாறிக் கடைசியில் சிலிக்கா மிகுந்த குழம்பு மிஞ்சும். ஒரே குழம்பிலிருந்து வெவ்வேறு பாறை வருவது இதனால்தான்.

சித்தம்பூண்டியில் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படிப் பிரிந்து படிந்த பாறை தரைக்கு மேலே கிடக்கிறது. பெரும்பகுதி வெள்ளையான பெல்ஸ்பார், பெயர் அனார்த்தோசைட். நடுநடுவே கருப்பாக, குரோமியமும் இரும்பும் சேர்ந்த குரோமைட் என்ற கனிமத்தின் பட்டைகள். பட்டையின்மேல் கையை வைத்துப் பாருங்கள்: கருப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் இடம் சில இடங்களில் ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். பிள்ளைகள் அந்த இடத்தைத் தொடும்போது சத்தம் அடங்குவதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

படிகம் குழம்புக்குள்ள மூழ்கும்னு யாராவது பார்த்தாங்களா?

சார்லஸ் டார்வின் 1835ல் கலாபகஸ் தீவுகளில் ஒரு எரிமலைப் பாறையின் அடிப்பகுதியில் பெல்ஸ்பார் படிகங்கள் அதிகம் கிடப்பதைக் கவனித்து, கனத்தால் இறங்கியவை என்று 1844ல் எழுதினார். கனடாவில் பிறந்த நார்மன் போவன் 1915ல் வாஷிங்டன் ஆய்வகத்தில் சின்ன மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், குழம்பை உருக்கி, ஆலிவின் தோன்றியதும் சட்டென்று குளிரவைத்தார். உடைத்துப் பார்த்தால் ஆலிவின் அடியில் இருந்தது.

இயற்கையே பெரிய மூசை வைத்தது ஹவாயில். 1959ல் கிலாவியா இக்கி என்ற எரிமலைக் குழிக்குள் 100 மீட்டருக்கு மேல் ஆழமாகக் குழம்பு தேங்கியது. மேலோடு கெட்டியானதும் அமெரிக்கப் புவியியலாளர்கள் துளையிட்டு, 1988வரை திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தார்கள். அதில் ஆலிவின் கீழே சேர்ந்திருந்ததை நேரிலேயே காட்ட முடிந்தது.

அப்ப நம்ம ஊர்ப் பாறையெல்லாம் குழம்பு உறைஞ்சதுதானா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டுப் பாறைகளில் பெரும்பாலானவை உறைந்த பிறகோ படிந்த பிறகோ மீண்டும் ஆழத்தில் புதைந்து, வெந்து, நசுங்கி உருமாறியவை. சென்னைப் பரங்கிமலையின் சார்னோக்கைட் என்ற பாறை அப்படிப்பட்டது. சித்தம்பூண்டியும் பின்னால் வெந்ததுதான், ஆனாலும் பழைய பட்டைகள் அழியாமல் தெரிகின்றன.

சித்தம்பூண்டி மண்ணு நிலா மண்ணுன்னு சொல்றாங்களே, உண்மையா?

நிலாவிலிருந்து வந்த மண் இல்லை. நிலாவின் வெளிறிய மேட்டுநிலம் அனார்த்தோசைட் பாறை; நிலா குழம்பாக இருந்தபோது மிதந்து மேலே வந்த பெல்ஸ்பார் அது. அதே வகைப் பாறை சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைப்பதால், இஸ்ரோ அதை வாங்கி அரைத்து, நிலா மண் போன்ற தூளாக்கி, பெங்களூரில் சந்திரயான் 2 ஊர்தியை ஓட்டிப் பார்க்கப் பரப்பியது. அந்தத் தயாரிப்பு முறைக்கு 2020ல் காப்புரிமையும் கிடைத்தது.

பெல்ஸ்பார் டார்வின் பார்த்த இடத்துல மூழ்குச்சு, நிலாவுல மிதந்துச்சுன்னு சொல்றீங்க. ஒரே கல்லு ரெண்டையும் செய்யுமா?

செய்யும். மூழ்குவதும் மிதப்பதும் படிகத்தை மட்டும் பொறுத்ததில்லை, சுற்றியிருக்கும் திரவத்தையும் பொறுத்தது. பெல்ஸ்பாரின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்கு, பசால்ட் குழம்பும் கிட்டத்தட்ட அதே. கொஞ்சம் இப்படி அப்படி ஆனாலும் முடிவு மாறிவிடும். ஆலிவினுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அது 3.3ஐ ஒட்டியது, மூழ்கத்தான் செய்யும்.

தோன்றிய புதிதில் நிலாவின் மேல்பகுதி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்துக்குக் குழம்புக்கடலாக இருந்தது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. ஆலிவினும் பைராக்சீனும் மூழ்க மூழ்க, மிஞ்சிய குழம்பில் இரும்பு சேர்ந்து கனத்தது. முக்கால்வாசி உறைந்த பிறகு பிறந்த பெல்ஸ்பார் அந்தக் கனத்த குழம்பில் மிதந்து மேலே ஏறி, ஓடாக நின்றது. 1969ல் அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகளைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் பிறந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 தென்துருவப் பக்கம் இறங்கியது. பிரக்யான் ஊர்தி சுமார் 100 மீட்டர் நகர்ந்து, 23 இடங்களில் மண்ணை அளந்தது. அங்கேயும் அதே அனார்த்தோசைட் சேர்க்கைதான், அடுத்த வருடம் வெளியான முடிவுகள் சொல்லின. சித்தம்பூண்டி வெள்ளைப் பாறை இந்த வழியில் வந்ததில்லை. பூமிக்குள் ஒரு குழம்பு அறையில் படிகங்கள் சேர்ந்து உண்டானது. பாறை வகை ஒன்று, வந்த வழி வேறு.

எல்லாம் படிகமா போனப்புறம் கடைசியா மிஞ்சற குழம்பு என்னாகும்?

எந்த வரிசையிலும் இடம் கிடைக்காதவை எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். பூமியில் அப்படி மிஞ்சுவது தண்ணீர் நிறைந்த குழம்பு. நீர் இருப்பதால் துகள்கள் எளிதாக நகரும், படிகங்கள் பெரிது பெரிதாக வளரும். பெக்மடைட் என்ற அந்தப் பாறை காங்கேயம் பக்கம் நிறைய உண்டு; அங்கே எடுக்கும் கடல்நீலப் பெரில் கற்கள் பெரிலியம் என்ற இடம் கிடைக்காத தனிமத்தால் ஆனவை. குழம்பையும் தாண்டி மிஞ்சும் வெந்நீர் பாறை விரிசல்களில் ஆறும்போது சிலிக்கா படிகமாகிறது. மாலையாகக் கோக்கும் ஸ்படிகம் இப்படி வளர்ந்ததுதான்.

நிலாவில் மிஞ்சியதற்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் கிரீப் (KREEP): பொட்டாசியத்தின் குறியீடு K, அருமண் தனிமங்களின் ஆங்கிலச் சுருக்கம் REE, பாஸ்பரஸின் குறியீடு P மூன்றும் சேர்ந்தது. மேலே மிதந்த ஓட்டுக்கும் கீழே மூழ்கிய படிகங்களுக்கும் நடுவே அது சிக்கியது. யுரேனியமும் தோரியமும் அதிலேயே சேர்ந்தன. 1998ல் நிலாவைச் சுற்றிய லூனார் பிராஸ்பெக்டர் என்ற விண்கலம் தோரியம் எங்கே இருக்கிறது என்று படம் எடுத்தபோது, அது நிலா முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. நம்மைப் பார்த்திருக்கும் பக்கத்தில், மேற்கே, ஒரு பெரிய திட்டாகச் சேர்ந்து கிடந்தது. ஏன் ஒரு பக்கமாகச் சேர்ந்தது என்பதற்கு இன்னும் ஒருமித்த பதில் இல்லை.